பிள்ளையின்ர வெப்பக்கம் உறைஞ்சு போனால்

மத்தூரா ஆய்வுக்காக மகள் இரவிரவாக இருந்து ஒரு வெப்பக்கம் செய்கிறாள். சூரிச்சின் பத்து வருட வெப்பநிலையைப் பக்கத்தில் காட்ட வேண்டும். பொத்தானை அமத்தினதும் பக்கம் கல்லாகிவிடுகிறது. உருட்டவும் ஏலாது, நிறுத்தவும் ஏலாது. பாதி ஜெர்மன், பாதி தமிழில் சொல்கிறாள்: "அம்மா, எனக்கு இது சரிவராது. தலைப்பை மாத்தப் போறன்."

மாத்த வேண்டாம். பிழை பிள்ளையில் இல்லை, வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது.

முதலில் அளவைப் பாருங்கோ. மெத்தேயோசுவிஸின் தானியங்கி நிலையங்கள் 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கின்றன. 2025 மே முதல் அந்தத் தரவுகள் படிப்படியாக எல்லாருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டு வருகின்றன. ஒரு நிலையத்துக்கு நாளுக்கு 144 வரி, வருடத்துக்கு 52,560, பத்து வருடத்துக்கு 525,600.

பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் தனி ஒருவர் நிற்கிற குசினி மாதிரி. கணக்குப் பார்ப்பது, திரையில் வரைவது, நீங்கள் அமத்துவதைக் கவனிப்பது எல்லாம் அதே ஆள்தான். நூறு பேருக்கு இடியப்பம் அவிக்கும்வரை தலை நிமிர மாட்டேன் என்று அவர் நின்றால், வாசலில் பெல் அடித்தாலும் திறக்க ஆளில்லை. ஒரே லூப்பில் 525,600 வரியையும் வாசித்து எழுதச் சொன்னால் நடப்பது இதுதான்.

தட்டுத் தட்டாக அவிக்க வேண்டும். 2,000 வரியை முடித்ததும் செட்டைம்அவுட் மூலம் மிச்சத்தை அடுத்த முறைக்கு ஒத்திப்போட்டால், இடையில் பிரவுசர் திரையைப் புதுப்பிக்கும், 'நிறுத்து' பொத்தானையும் கவனிக்கும். "40 வீதம் முடிஞ்சுது" என்றும் காட்டலாம்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. அவெய்ட் என்ற சொல்லைப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே முடிந்த ப்ராமிஸுக்கு அவெய்ட் போட்டால், பிரவுசர் வரையப் போகுமுன்பே கோட் தொடர்ந்து ஓடும். பக்கம் உறைந்தபடியேதான் இருக்கும்.

மற்றது, தொகுதி மிகச் சிறிதாக இருப்பது. செட்டைம்அவுட் ஒன்றுக்குள் ஒன்றாகத் தொடரும்போது பிரவுசர் ஒவ்வொரு முறையும் குறைந்தது 4 மில்லிசெக்கன் காக்கவைக்கும். 2,000 வரித் தொகுதி என்றால் 263 முறை, காத்திருப்பு ஏறக்குறைய ஒரு செக்கன். 10 வரி என்றால் 52,560 முறை, காத்திருப்பு மட்டும் மூன்றரை நிமிடம்! வரியை எண்ணாமல் நேரத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது: 10 மில்லிசெக்கன் வேலை செய், பிறகு வழிவிடு. திரை செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்பட ஒரு முறைக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன்தான்.

கணக்கு மிகப் பெரிதென்றால் வெப் வேர்க்கர் என்ற இரண்டாவது ஆளிடம் கொடுக்கலாம். அவரால் பக்கத்தை நேரே தொட முடியாது; விடையை அனுப்புவார், முதல் ஆள் வரைவார்.

கோட் எழுதத் தெரியாத அம்மா அப்பாவும் பக்கத்தில் இருந்து ஒன்று கேட்கலாம்: "எத்தனை வரியை ஒரே மூச்சில செய்யச் சொல்லியிருக்கிறாய்?" விடை அனேகமாக அங்கேதான் இருக்கும்.