கேமராவைக் கொடுத்தார்கள், கழிப்பறையைக் காட்டினார்கள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு ஃபிலிம் கேமராவைக் கொடுத்து, "பள்ளிக்கூடத்தில் எங்கே பயமில்லை, எங்கே பயமாக இருக்கிறது, படம் எடுத்து வாருங்கள்" என்று அனுப்பினால் எதைக் கொண்டுவருவார்கள்? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளாடியா மிட்செல் 2000-களின் தொடக்கத்தில் இதைச் செய்து பார்த்தார். இடம், தென்னாப்பிரிக்காவை ஒட்டிய சுவாசிலாந்து. இன்று அதன் பெயர் எஸ்வாட்டினி.

பிரின்ட் போட்டுப் பார்த்தால், திரும்பத் திரும்பக் கழிப்பறை. கதவு சரியில்லை, சுத்தமில்லை, வகுப்பறையை விட்டுத் தள்ளி ஒதுக்குப்புறத்தில் நிற்கிறது. அங்கே தனியாகப் போனால் பலாத்காரம் நடக்கலாம் என்பதுதான் பெண் பிள்ளைகளின் பயம். ஒரு மாணவியை மடக்கித் தாக்குவதுபோல் தாங்களே நடித்தும் படமெடுத்திருந்தார்கள்.

நான் ஆசிரியையாக இருந்தவள். மதியத்துக்கு மேல் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியாம்மா?"

"இல்ல டீச்சர்."

ஏன் என்று கேட்டால் தலை குனிந்துவிடும்; கழிப்பறைக்குப் போகாமல் இருக்கத்தான். வாயால் சொல்லக் கூசுவதைக் கேமரா சொல்லிவிடுகிறது. மிட்செல் கையாண்ட இந்த வழியை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் தாழ்ப்பாள் போட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. ஜிம்பாப்வே, மலாவி, கானா பள்ளிகளில் ஆய்வாளர் ஃபியோனா லீச் தலைமையில் நடந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. மாணவிகளைப் பாலியல் தொந்தரவு செய்தவர்களில் பெரிய வகுப்புப் பையன்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் இருந்தார்கள். புகார் போனாலும் நிர்வாகம் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. தென்னாப்பிரிக்காவில் 15 வயதுக்குள் பலாத்காரத்துக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கைகாட்டியது பள்ளி ஆசிரியரை. 2002-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. பாடம் நடத்துகிறவரே பயத்துக்குக் காரணம் என்றால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். கழிப்பறை வரை நடந்து போய்ப் பாருங்கள். கதவு மூடுகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, போகிற வழியில் ஆள் நடமாட்டம் உண்டா? வீட்டுக்கு வந்ததும் மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும் கேளுங்கள், பள்ளியில் எந்த இடத்துக்குப் போகப் பயமென்று. பதிலில் யார் பெயர் வந்தாலும், வாத்தியார் பெயரே வந்தாலும், முதலில் பிள்ளையை நம்புங்கள்.