வீட்டுக் கோழிகளுக்குச் சேவலே காவல்



நமது பகுதியில் கொல்லைப்புறத்தில் ஐந்தோ பத்தோ நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பங்கள் நிறைய உள்ளன. கணவரை இழந்த சகோதரிகளுக்கும், வெளியே வேலைக்குச் செல்ல இயலாத தாய்மார்களுக்கும் இது யாரிடமும் கையேந்தாமல் நாலு காசு பார்க்கும் வழி. பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். அவசரத்துக்கு ஒரு கோழியை விற்றால் மருந்துச் செலவுக்கோ பள்ளிக்கூடச் செலவுக்கோ ஆகும்.

கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "பத்துக் குஞ்சு பொரித்தது. பருந்தும் காக்கையும் கொண்டுபோனது போக இரண்டுதான் மிச்சம்" என்பார்கள். விசாரித்தால் அப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் சேவலே இருக்காது. முட்டை இடாததற்கு எதற்குத் தீனி என்று முதலில் விற்கப்படுவது சேவல்தான். முட்டை இடாத அந்தச் சேவல் என்னதான் செய்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வானத்துக்கு ஒரு குரல், தரைக்கு ஒரு குரல்

மேயும் கோழிக் கூட்டத்தைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். பெட்டைகள் தலையைக் குனிந்து கிளறிக்கொண்டே இருக்கும். சேவல் கொஞ்சம் கொத்தும், உடனே தலையை நிமிர்த்தும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். கோழிக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், மேலே பார்க்க அது தலையைச் சாய்த்தாக வேண்டும். அந்தச் சாய்ந்த பார்வைதான் காவல்.

ஆபத்து தெரிந்தால் சேவல் குரல் கொடுக்கும். அந்தக் குரல் எல்லா ஆபத்துக்கும் ஒன்றல்ல. பருந்தோ வல்லூறோ மேலே வட்டமிட்டால், மெல்லியதாக நீட்டி இழுக்கும் ஒரு கூச்சல் வரும். அதைக் கேட்டதும் பெட்டைகளும் குஞ்சுகளும் செடிக்கடியில் ஓடிப் பதுங்கும், அல்லது இருந்த இடத்திலேயே அசையாமல் ஒடுங்கும். நாயோ பூனையோ கீரியோ தரையில் வந்தால், சேவல் விட்டுவிட்டு உரக்கக் கொக்கரிக்கும். அப்போது பெட்டைகள் பதுங்குவதில்லை. கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று, ஆபத்து எந்தப் பக்கம் என்று பார்க்கும்.

இது நம் பாட்டிமார்கள் பழக்கத்தில் அறிந்த விஷயம். 1980களிலும் 1990களிலும் விஞ்ஞானிகள் இதைச் சோதித்து உறுதி செய்தார்கள். பருந்து எதையும் காட்டாமல், பதிவு செய்த சேவல் குரலை மட்டும் ஒலிக்கச் செய்தபோதும் பெட்டைகள் அந்தந்தக் குரலுக்கு ஏற்றபடியே நடந்துகொண்டன. பக்கத்தில் துணை இருக்கும்போதுதான் சேவல் அதிகம் எச்சரிக்கிறது, தனியே இருந்தால் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடுகிறது என்பதும் தெரியவந்தது. ஆக, சேவல் பயத்தில் சும்மா கத்துவதில்லை. தன் கூட்டத்துக்காகவே கத்துகிறது.

நாம் அடுப்படியில் இருக்கும்போதும் தொழுகையில் நிற்கும்போதும் கொல்லையில் ஒரு கண் விழித்திருக்கிறது என்பதே சேவல் வைத்திருப்பதன் முதல் பயன்.

தீனி தேடுவதிலும் துணை

புழுவோ தானியமோ கிடைத்தால் நல்ல சேவல் உடனே விழுங்கிவிடாது. அதைக் கொத்தி எடுத்துப் போட்டு, "கொக் கொக்" என்று விடாமல் அழைக்கும். பெட்டைகள் ஓடிவந்து உண்ணும். சேவல் இருக்கும் கூட்டம் சிதறாமல் ஒன்றாக மேய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றாக மேயும் கோழிகளைவிடத் தனித்துப் போன கோழியே நாய்க்கும் கீரிக்கும் எளிதில் பலியாகும். பெட்டைகளுக்குள் நடக்கும் கொத்துச் சண்டையையும் பல நேரங்களில் சேவல் இடையில் புகுந்து நிறுத்திவிடும்.

தேவை வந்தால் சேவல் எதிர்த்தும் நிற்கும். காலில் உள்ள முள்ளால் பாய்ந்து அடிக்கும். காகத்தையும் சிறிய பூனையையும் விரட்டிவிடும். குஞ்சுகளின் முதல் காவல் தாய்க்கோழிதான் என்பதையும் சொல்ல வேண்டும். பருந்தையும் எதிர்த்துப் பறக்கும் துணிவு குஞ்சோடு இருக்கும் தாய்க்கு உண்டு. ஆனால் தாய் ஒருத்தி பத்துக் குஞ்சுக்குத் தீனி தேட வேண்டும், காவலும் காக்க வேண்டும். சேவல் இருந்தால் அந்தச் சுமை பாதியாகக் குறைகிறது.

கணக்குப் பார்ப்போம்

வளர்ந்த ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீனி எடுக்கும். வெளியே மேயும் கோழி அதில் பாதியைத் தானே தேடிக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், நாம் போடுவது 50 கிராம். வருடத்துக்குச் சுமார் 18 கிலோ. நொய், குருணை, சோற்று மிச்சம் என்று போடும் வீடுகளில் இந்தச் செலவு இன்னும் குறையும். சேவலுக்கு நாம் கொடுக்கும் கூலி இவ்வளவுதான்.

வரவைப் பாருங்கள். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். சேவல் இருப்பதால் முட்டையின் எண்ணிக்கை கூடாது. ஆனால் சேவல் சேராத முட்டை பொரிக்காது. மூன்று பெட்டைகள் வருடத்துக்கு இரண்டு முறை, 12 முட்டை வீதம் அடைகாத்தால் 72 முட்டை. சேவல் இல்லாவிட்டால் அத்தனையும் கூமுட்டை. அத்துடன் ஒவ்வொரு முறையும் 21 நாட்கள் அந்தப் பெட்டை முட்டையிடாமல் வீணாக உட்கார்ந்திருக்கும்.

சேவலை விற்ற பிறகு வைத்த அடை நன்றாகப் பொரித்தது, அடுத்த அடை ஏன் பொரிக்கவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. சேவலுடன் சேர்ந்த பெட்டையின் உடலில் அந்த வித்து பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை தங்கியிருக்கும். அதுவரை இடும் முட்டைகள் பொரிக்கும். பிறகு நின்றுவிடும்.

இன்னொரு சந்தேகமும் வருவதுண்டு. முட்டையை உடைத்தால் சிறு இரத்தப் புள்ளி தெரிகிறதே, அது சேவல் சேர்ந்ததால் வந்ததா என்பார்கள். இல்லை. முட்டை உருவாகும்போது பெட்டையின் உடலில் மெல்லிய இரத்த நாளம் ஒன்று உடைவதால் வருவது அது. சேவலே பார்க்காத பண்ணைக் கோழியின் முட்டையிலும் வரும். அந்த முட்டையை உண்பது பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேவலால் முடியாதவை

சேவலை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. முதலாவதாக, அது பகல் காவல்காரன் மட்டுமே. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு எல்லாம் இரவில் வருபவை. அப்போது சேவலும் ஓர் இரைதான்.

சூரியன் மறையும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளவும், இரவில் கதவை அடைத்துப் பாத்திரங்களை மூடிவைக்கவும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். அந்த நேரத்திலேயே கோழிக்கூட்டையும் அடைத்துவிடும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் மறந்துபோகாது. மஃரிப் நேரத்தில் கோழிகள் தாமாகவே கூடு திரும்பும். எண்ணிப் பார்த்து அடையுங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு நன்றாக விடிந்ததும் திறந்துவிடுங்கள்.

கூடு தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் இருப்பது நல்லது. அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தால் பாம்பும் பெருச்சாளியும் நுழைவது கடினம். பெரிய கண்ணுள்ள வலையில் கோழி வெளியே வராது, ஆனால் பாம்பு உள்ளே வந்துவிடும்.

இரண்டாவதாக, சேவல் எச்சரித்தாலும் ஓடி ஒளிய இடம் வேண்டும். வெட்டவெளியாகச் சுத்தம் செய்த கொல்லையில் குஞ்சுகள் எங்கே ஓடும்? வேலியோரம் நாலைந்து செடிகளை அடர்த்தியாக விடுங்கள். அல்லது இரண்டு தென்னங்கீற்றைச் சுவரில் சாய்த்து வையுங்கள். குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்தோ, மேலே பழைய மீன்வலை கட்டிய அடைப்பில் விட்டோ வளர்ப்பது இன்னும் பாதுகாப்பு.

மூன்றாவதாக, தெருநாய்கள் கூட்டமாக வந்தால் எந்தச் சேவலும் தாங்காது. அதற்கு வேலிதான் மருந்து. வெள்ளைக்கழிச்சல் வந்தால் அதற்கும் சேவல் காவலாகாது. ஒரே வாரத்தில் கொல்லையே காலியாகிவிடும். தமிழ்நாடு அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் கடந்த கோழிகளை அவசியம் கொண்டுபோய் ஊசி போடுங்கள்.

எப்படிப்பட்ட சேவல் வேண்டும்?

எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். நாலைந்து பெட்டைக்கு இரண்டு மூன்று சேவல் இருந்தால் அவை சண்டையிடும். பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து புண்ணாகும். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். அவற்றில் நல்லதாக ஒன்றை நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம், விற்கலாம்.

எதை நிறுத்துவது? உருவம் பெரியது என்பதற்காகவோ நிறம் அழகு என்பதற்காகவோ தேர்ந்தெடுக்காதீர்கள். வானத்தை அடிக்கடி பார்க்கிறதா, தீனியைக் கண்டால் பெட்டைகளை அழைக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் மேல் பாயும் சேவல் வேண்டாம். அதன் முள் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. சிறுவிடைப் பெட்டைகளுடன் கனத்த பெருவிடைச் சேவலை விட்டால் பெட்டைகள் காயப்படும். ஒரு வயது நிரம்பாத இளஞ்சேவல் காவல் பழக சில மாதங்கள் ஆகும். அதற்குள் சரியில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒரே சேவலை அதன் மகள், பேத்திப் பெட்டைகளுடனேயே ஆண்டுக்கணக்கில் விட்டால் குஞ்சுகள் நலிந்து பிறக்கும். ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு தெருவில் உள்ள குடும்பத்துடன் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குக் காசு தேவையில்லை. பேசி வைத்துக்கொண்டால் போதும்.

மார்க்கம் சொல்வதை மறவாதிருப்போம்

சேவல் கூவுவதைக் கேட்டால் அல்லாஹ்விடம் அவனது அருளைக் கேட்கும்படியும், அது வானவரைக் கண்டு கூவுகிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். தொழுகைக்கு எழுப்புவதால் சேவலை ஏசக் கூடாது என்ற நபிமொழி அபூதாவூதில் உள்ளது. சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சம் வரும் முன்பே அது விடியலை அறிந்து கூவுகிறது என்று 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கடிகாரத்தை வைத்தவன் அல்லாஹ் என்பதே நமது நம்பிக்கை.

இத்தகைய பிராணியைச் சண்டைக்கு விடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! காலில் கத்தி கட்டிப் பந்தயம் வைப்பதில் பிராணியை வதைக்கும் பாவமும் இருக்கிறது, சூதாட்டத்தின் பாவமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியும் பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது குற்றம். பெருவிடைச் சேவலுக்கு நல்ல விலை தருவதாக யாராவது வந்தால், எதற்காக வாங்குகிறார் என்று விசாரியுங்கள். நமது வீட்டில் அன்பாக வளர்ந்தது அந்தக் களத்துக்குப் போக வேண்டாம்.

அண்டை வீட்டாரின் உரிமையும் முக்கியம். நெருக்கமான தெருவில் நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுச் சன்னலுக்கு அருகில் கூட்டை வைக்காதீர்கள். இரவில் இருட்டாக மூடிய கூட்டில் அடைத்தால் கூவும் சத்தம் ஓரளவு அடங்கும். எச்சத்தை அன்றன்று அள்ளிச் செடிக்குப் போட்டால் நாற்றமும் இருக்காது. வாரம் இரண்டு முட்டை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள், சேவல் கூவுவது அவர்களுக்கும் தொல்லையாகத் தெரியாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை உங்கள் வீட்டில் குஞ்சு பொரித்தால் சேவல்கள் எல்லாவற்றையும் வியாபாரியிடம் கொடுத்துவிடாமல் ஒன்றை நிறுத்துங்கள். உங்களிடம் நல்ல சேவல் கூடுதலாக இருந்தால், சேவல் இல்லாமல் பெட்டை மட்டும் வளர்க்கும் ஓர் ஏழைச் சகோதரிக்கு அதைக் கொடுங்கள். கோழியும் முட்டையும்கூட அல்லாஹ்விடம் நன்மையாக எழுதப்படும் தர்மம்தான். நமது சிறு உழைப்பிலும் பரக்கத்தை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.