அடக்கமான பிள்ளை

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைத் தனியாளாக நெய்வது கடினம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓடியாக வேண்டும். குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்கு மறுபக்கக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் தேவை. பல வீடுகளில் அந்த ஆள் வீட்டுப் பிள்ளைதான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது பத்தொன்பது, கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் தலை நிமிராது. சேலையை நெசவாளர் சொசைட்டியில் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் தம்பியை அனுப்புவான். கல்யாணப் பந்தியில் எல்லோரும் தன் கையையே பார்ப்பதாகத் தோன்றி, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிடுவான். ஒரகடத்தில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டபோது பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்தான். பாட்டி பெருமையாகச் சொல்வாள்: “எங்க பையன் ரொம்ப அடக்கம்.”

இந்த அடக்கம்தான் சிக்கல். இது வெறும் சுபாவமா, நோயா என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். கூச்சத்தை நல்ல குணம் என்றே மெச்சிவிடுவார்கள்.

சபைக் கூச்சம் தமிழருக்குப் புதிதல்ல. ‘அவை அஞ்சாமை’ என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, 73ஆவது. மேடையேறும் முன் வயிற்றைக் கலக்குவது எல்லோருக்கும் உண்டு. பேசத் தொடங்கியதும் அடங்கிவிடும். சமூகப் பதற்ற நோய் அப்படி அடங்காது. பிறர் தன்னை எடைபோடுவார்கள், கேலி செய்வார்கள் என்ற பயம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவையும் தடுக்கும். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது 1980இல்தான்.

மனச்சோர்வு இதோடு எங்கே சேருகிறது? பெரும்பாலும் பின்னால் வந்து சேருகிறது. சமூகப் பதற்றம் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே தலைகாட்டும். சோர்வு சில ஆண்டுகள் கழித்து வரும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 14 முதல் 24 வயது வரையிலான 3,021 பேரை ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சமூகப் பதற்றம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. கூச்சப்படும் எல்லோருக்கும் சோர்வு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை.

நம் பையனிடம் திரும்புவோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய அந்த நிமிடம் அவனுக்குப் பெரிய நிம்மதி. படபடப்பு நின்றது, உள்ளங்கை வேர்வை காய்ந்தது. தப்பித்தால் நிம்மதி என்பதை மனசு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தப்பிக்கச் சொல்கிறது. இப்படியே நண்பர்கள் குறைகிறார்கள், வேலை கிடைப்பதில்லை, “நல்லா செஞ்சடா” என்று சொல்ல ஆளில்லை. மனசுக்குத் தெம்பு தரும் விஷயங்கள் ஒவ்வொன்றாக விலகிப்போன இடத்தில் சோர்வு வந்து உட்காருகிறது.

இரவில் இன்னொன்று நடக்கும். மதியம் கடையில் பேசிய இரண்டு வார்த்தையை நூறு தடவை ஓட்டிப் பார்ப்பான். ‘ஏன் அப்படி உளறினேன், அவர் ஏன் சிரித்தார்?’ கடைக்காரர் அதை எப்போதோ மறந்திருப்பார். நாளடைவில் கேள்வி மாறும்: ‘நான் எதற்குத்தான் லாயக்கு?’ முதல் கேள்வி பதற்றத்தின் குரல், இரண்டாவது சோர்வின் குரல். இரண்டுக்கும் நடுவே வரப்பு எதுவும் கிடையாது.

சிலர் இதற்குக் குறுக்குவழி கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கட்டிங் போட்டால்தான் நாலு பேர் முன்னால் பேச்சு வருகிறது என்பார்கள். அன்றைக்கு வரும், உண்மைதான். ஆனால் மதுவே சோர்வைக் கூட்டும் பொருள். கூச்சத்துக்கு மருந்தாகத் தொடங்கிய குடி தனி நோயாகவே மாறிவிடுவதும் உண்டு.

‘மன அழுத்தம்’ என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்திவிடுகிறோம், அதனால் குழப்பம். மனச்சோர்வு என்பது குறைந்தது இரண்டு வாரமாவது, அநேகமாக நாள் முழுக்க, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது. தூக்கமும் பசியும் கெடும், சிலருக்கு வாழவே வேண்டாம் என்று தோன்றும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் இருபது பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவித்திருக்கிறார். மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவில் சிகிச்சையே பெறவில்லை. சோர்வுக்கென்று மருத்துவரிடம் போகிறவர்கூட, தன் பழைய கூச்சத்தைச் சொல்லாமலே திரும்பிவிடலாம். அதைச் சொல்லவும் கூச்சம்தானே!

சிகிச்சை இரண்டுக்குமே உண்டு. சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சையில், பயந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகப் பழக்குவார்கள். முதல் வாரம் பெட்டிக்கடையில் விலை கேட்பது, பிறகு தானே சொசைட்டிக்குப் போய் வருவது, அதன் பிறகு இன்டர்வியூ. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சமூகப் பதற்றத்துக்கும் கேட்கும். பையனை இழுத்துக்கொண்டு போய் வரதராஜப் பெருமாள் கோயில் கருடசேவைக் கூட்டத்தில் நிறுத்தினால் தெளிந்துவிடுவான் என்று சில பெரியவர்கள் நினைக்கலாம். அது நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுகிற வேலை.

அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். போனில் பேசுவதே பயமாக இருப்பவர்கள் சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் போதும். அதுவும் முடியாவிட்டால், தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா அவனுக்காகக் கூப்பிடலாம்.