மிருக மருத்துவமனையில் சந்திப்பு நேரம்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம் ஜனங்களுக்குப் பரேல் என்னும் பெயர் கலக்கத்தோடு சேர்ந்தே பழக்கமானது. டாடா நினைவு மருத்துவமனையும் கே.இ.எம். மருத்துவமனையும் அங்கேதான் இருக்கின்றன. ஊரிலிருந்து சிகிச்சைக்கு வரும் உறவினரை அழைத்துக்கொண்டு அந்த வீதிகளில் நடவாத தமிழ்க் குடும்பம் தாராவியிலும் செம்பூரிலும் அரிது. அதே பரேலில் பிராணிகளுக்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை உண்டு என்பதைப் பலர் அறிவது, தங்கள் வீட்டு நாயோ பூனையோ ஒருநாள் எழும்ப முடியாமல் படுத்துவிட்ட பிறகே.

அது இன்று நேற்று வந்ததல்ல. இந்நகரின் மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1874-ல் தொடங்கப்பட்டது. பஞ்சாலை அதிபர் சர் தின்ஷா மானக்ஜி பெட்டிட் அவர்களின் கொடையால் 1883-ல் மருத்துவமனை உருவாயிற்று. அவருடைய மனைவியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது: பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை. அதன் அருகே 1886-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. டாக்சிக்காரரிடம் இந்த நீண்ட பெயரைச் சொல்லிச் சிரமப்பட வேண்டியதில்லை. 'பைல் கோடா ஆஸ்பத்திரி' என்றால் போதும். காளை, குதிரை ஆஸ்பத்திரி என்று பொருள். நகரின் பாரத்தை வண்டி மாடுகளும் குதிரைகளும் சுமந்த நாட்களின் பெயர் அது. 2024-ல் மகாலட்சுமி பகுதியில் டாடா அறக்கட்டளையின் சிறு பிராணிகள் மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

ஆக, சேர்ப்பதற்கு இடமுண்டு. சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: நாளைக்குப் போய்ப் பார்க்கலாமா, கூடாதா?

வியாதியஸ்தரைச் சந்திக்கச் செல்வது நம் சபைகளில் ஊறிய நற்பழக்கம். பழமும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு நாலு பேராகப் போவோம். அருகே அமர்ந்து ஆறுதல் சொல்வோம். "நாளைக்கு வருகிறேன்" என்று நாம் சொன்னால் நோயாளி அதைப் பிடித்துக்கொண்டு இரவைக் கடத்துவார். பிராணிக்கு அந்த வார்த்தை விளங்காது. நாம் வந்தது அதற்குச் சந்தோஷம். நாம் போவது அதற்கு மீண்டும் ஒருமுறை கைவிடப்படுதல். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தால் மற்றவை தாமே விளங்கும்.

ஆகவே முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இருதயமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டு, பிராணவாயு நிரப்பிய கூண்டில் மூச்சுக்குப் போராடும் நாய், எஜமானைக் கண்டதும் எழுந்து குதிக்க முயலும். தட்டிக்கொடுக்க நாம் கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் பிராணவாயுவும் குறைந்துபோகும். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் வாலாட்டித் துள்ளுவதும் தையலுக்கு நல்லதல்ல. இப்படிப்பட்ட நேரங்களில் கண்ணாடிக்கு இப்பால் நின்று, அது நம்மைக் காணாதபடி நாம் அதைக் கண்டுவருவதே அன்பு. இப்போதெல்லாம் ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு சிறு வீடியோ அனுப்பவும் கூடும், தயங்காமல் கேளுங்கள்.

பூனையின் காரியம் வேறு. புதிய இடமும் நாய்களின் குரைப்பும் சேர்ந்தால் அது ஆகாரத்தைத் தொடவே மாட்டாது. சில நாட்கள் சாப்பிடாத பூனைக்கு, விசேஷமாகப் பருத்த பூனைக்கு, உடம்பின் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து, வந்த வியாதியைவிடப் பெரிய வியாதியாகிவிடும். மருத்துவர் கொடுத்தால் மறுக்கும் ஆகாரத்தை வீட்டாரின் விரலிலிருந்து நக்கிச் சாப்பிடும் பூனைகள் உண்டு. அங்கே நம் சந்திப்பே மருந்தில் ஒரு பங்கு. பயத்தினாலேயே பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்; ஒரே பரிசோதனையைப் பார்த்து நீரிழிவு வந்துவிட்டது என்று கலங்க வேண்டாம்.

கையில் என்ன கொண்டுபோவது? துவைக்காத பழைய துண்டு ஒன்று போதும். நம் வாசனை அதில் இருக்கிறது. நாம் திரும்பிய பின்னும் அது கூண்டில் தங்கும். ஆகாரம் மட்டும் அனுமதியின்றி வேண்டாம். "வீட்டுச் சாப்பாடு என்றால் சாப்பிடுவான்" என்று கறிக்குழம்பு பிசைந்த சோற்றை டப்பாவில் கொண்டுபோகும் தாய்மாரின் மனது புரிகிறது. ஆனால் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக்காய்ச்சலில் ஏற்கெனவே இரத்தம் வற்றிக் கிடக்கும் நாய்க்கு அது இரட்டைச் சேதம். மயக்கமருந்து கொடுக்கவிருக்கும் பிராணி வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதும் உண்டு.

தொற்று வார்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டிகளை வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகத் தாக்கும் பார்வோ என்னும் வைரஸ், சாதாரண சோப்புக்கு அஞ்சாது. தரையிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்த வார்டுக்குள் விடமாட்டோம் என்று காவலாளி தடுத்தால் அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். அனுமதித்தால், அவர்கள் தரும் மேலங்கியும் காலுறையும் அணிந்து செல்லுங்கள். வரும் வழியில் வேறு நாய்க்குட்டியைத் தடவிக்கொடுக்கவே கூடாது.

மும்பை மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் நாய்களுக்கும் எலிக்காய்ச்சல் வருகிறது. அதன் சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றும். அப்படிச் சந்தேகம் இருந்தால் சிறுபிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. "ஊருக்கு அனுப்பிவிட்டோம், பாட்டி வீட்டில் இருக்கிறது" என்று சொல்லிச் சமாளிக்கும் பெற்றோர் உண்டு. கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போய் இறங்கியதும் பிள்ளை முதலில் தேடுவது எதை? நிலைமையை உள்ளபடி சொல்லுங்கள். குழாயும் கட்டும் இருக்கும், மெலிந்திருக்கும் என்று முன்னமே சொல்லி அழைத்துப்போனால் பிள்ளை தாங்கும்.

தினமும் போக இயலாதவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். கல்யாணிலிருந்தோ அம்பர்நாத்திலிருந்தோ ஒருநாள் கூலியை இழந்து வருகிறவருக்கு வாரத்தில் ஒருமுறையே பெரிது. ஞாயிறு ஆராதனைக்குப் பின் மதியநேரம் சந்திப்பு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் தொலைபேசியில் மூன்று காரியம் கேட்டாலே போதும்: சாப்பிட்டதா, சிறுநீர் கழித்ததா, நாளைய செலவு எவ்வளவு. மூன்றாவதைக் கேட்க நம்மவர்கள் வெட்கப்படுகிறார்கள். நாலாம் நாள் பில்லைக் கண்டு திகைப்பதைவிட, "எங்களால் இவ்வளவே இயலும்" என்று முதல் நாளே சொன்னால், மருத்துவர் அதற்கேற்ற வழியை யோசிக்க முடியும். "ஒரு நாய்க்கா இத்தனை செலவு?" என்று சபையில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பத்து வருஷம் வாசலைக் காத்த ஜீவனுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த வீட்டார் அறிவார்கள். பதில் சொல்லக் கடமையில்லை.

சில வேளைகளில் மருத்துவர் நம்மை அழைப்பது கடைசிச் சந்திப்புக்காக. இனி வேதனை மட்டுமே மீதம் என்னும் நிலையில், மயக்கமருந்தை மிகுதியாக நரம்பில் செலுத்தி உயிரை அமைதியாக முடிக்கிறார்கள். சில நொடிகளில் உணர்வு போய்விடும். சில நிமிஷங்களில் இருதயம் நிற்கும். கண்கள் மூடாமல் திறந்தே இருக்கும், அதன்பின்னும் ஓரிரு மூச்சு வருவது போலத் தோன்றலாம். இதை முன்னமே அறியாதவர்கள் இன்னும் உயிர் இருக்கிறதோ என்று பதறிப்போகிறார்கள். உடனிருக்க இயலுமானால் இருங்கள். தலையைப் பிடித்துப் பழகிய பெயரைச் சொல்லி அழையுங்கள். இயலாதவர்கள் வெளியே நிற்கலாம். கழுத்துப் பட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.

பெரும்பாலோர் பிராணியோடேயே வீடு திரும்புகிறார்கள். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால் அன்று ஒரு வேடிக்கை நடக்கும். மருந்து வாசனையோடு வரும் தன் கூட்டாளியை மற்றது அடையாளம் தெரியாமல் சீறும், அடிக்கவும் பாயும். வந்ததை ஓர் அறையில் தனியே வைத்து, வீட்டிலிருக்கும் பூனை படுத்த துணியையே அதற்கும் விரித்துக் கொடுங்கள். ஓரிரு நாளில் இரண்டும் ஒரே கிண்ணத்தில் பால் கேட்கும். பாலைத் தண்ணீராக மாற்றிக் கொடுங்கள், பூனைக்குப் பால் அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை.