பழைய ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? பார்மட் கொடுத்துவிடாதீர்கள்!

புதிய கம்ப்யூட்டர் வாங்கியதும் பலர் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டிப் பார்க்கிறார்கள். குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன! ஆனால் மாட்டிய பின் டிரைவ் தெரியாது. அல்லது ‘பார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் சொல்லும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ஓகே கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கேபிளைப் பாருங்கள். கம்ப்யூட்டரை நிறுத்தி, பவர் கார்டையும் பிடுங்கிவிட்டுத்தான் கேபினட்டைத் திறக்க வேண்டும். சாட்டா டிஸ்க்கில் இரண்டு இணைப்புகள் உண்டு. 7 பின் கொண்ட குறுகியது டேட்டாவுக்கு. 15 பின் கொண்ட அகலமானது பவருக்கு. லேப்டாப் டிஸ்க் அளவில் சிறியதாக இருந்தாலும் இதே கேபிள்கள்தான் பொருந்தும். மீண்டும் ஆன் செய்து டிஸ்க் மீது லேசாக விரலை வையுங்கள். சுழலும் அதிர்வு இல்லை என்றால் பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதிர்வு இருந்தும் பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் வரவில்லை என்றால் டேட்டா கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. மேனுவலில் ஒரு மூலையில் இது இருக்கும்; யார் படிக்கிறார்கள்!

பயாஸில் பெயர் வந்துவிட்டால் கேபிள் சரி. இனி ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் செல்லுங்கள். ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லிக் கேட்டால், புத்தம் புதிய டிஸ்க்குக்கு மட்டும் சரி என்று சொல்லலாம். பழைய டிஸ்க் என்றால் கேன்சல்தான்.

மத்தூரில் என் அத்தை வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அவர் மகனுக்குக் கிடைத்த லேப்டாப்பின் டிஸ்க் அது. தொடக்க ஆண்டுகளில் தந்த லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கல்லூரி நாட்களில் பையன் எல்லாவற்றையும் லினக்ஸ் பகுதியில்தான் சேமித்திருக்கிறான். லினக்ஸின் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 பைல் சிஸ்டங்களை விண்டோஸ் தானாகப் படிக்காது. அதற்குத் தெரிந்தவை என்டிஎப்எஸ், பேட்32, எக்ஸ்பேட் போன்றவை. அதனால் அந்தப் பகுதியை டிரைவ் எழுத்து இல்லாமல் காட்டும். ரைட் கிளிக் செய்தால் பெரும்பாலும் ‘டெலிட் வால்யூம்’ ஒன்றுதான் கிடைக்கும். தொடாதீர்கள்!

இதற்கு வழி எளிது. உபுண்டுவை இலவசமாக டவுன்லோடு செய்து, ரூபஸ் புரோகிராம் மூலம் 16 ஜிபி பென் டிரைவில் பதியுங்கள். அந்த பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். அதிலிருந்து பூட் செய்து ‘ட்ரை உபுண்டு’ தேர்ந்தெடுங்கள், இன்ஸ்டால் வேண்டாம். விண்டோஸ் பகுதி, லினக்ஸ் பகுதி இரண்டும் தெரியும். வேண்டியவற்றை வேறொரு டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள்.

அத்தை வீட்டில் போட்டோக்கள் எல்லாம் வந்துவிட்டன. கல்யாண வீடியோ மட்டும், இடம் நிறைய இருந்தும், இன்னொரு பென் டிரைவில் ஏறவில்லை. அது பேட்32. அதில் 4 ஜிபி அளவுள்ள ஒரே பைலைக்கூட வைக்க முடியாது. காலியாக இருந்த அந்த பென் டிரைவை எக்ஸ்பேட்டாக பார்மட் செய்ததும் வீடியோவும் ஏறிவிட்டது.