கோல் போட ஒருவர் போதும். தடுக்க எத்தனை பேர்?

ஞாயிற்றுக்கிழமை காலை. மைசூர் மகாராஜா கல்லூரி மைதானம். புல்லின் ஈரம் இன்னும் காயவில்லை. பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்.

"நான் சென்டர் பார்வர்டு!"

"நான் லெப்ட் விங்!"

முன்வரிசைக்கு அடிபிடி. பின்னால் நிற்க ஆள் இல்லை. கடைசியில், ஓட்டம் கொஞ்சம் குறைந்த பையன் ஒருவனைப் பிடித்து, "நீ போய் பேக்கில் நில்லுடா!" என்று அனுப்புகிறார்கள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே போகிறான்.

இது மைசூரில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. கோலாரிலும் இதுதான், வடசென்னையிலும் இதுதான். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோலைத் தடுத்தவனை யாரும் தேடுவதில்லை. தடுப்பவனுக்கே இந்தக் கதி என்றால், அவன் விழுந்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டியவனைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்?

ஆனால் பெரிய கோப்பைகள் பலவற்றின் தலைவிதியை எழுதியவர்கள் அந்த "அடுத்த ஆள்"கள்தான்.

பதிலி இல்லாத மில்

மில்லில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. காலை ஷிப்டுக்கு ஒருவர் வரவில்லை என்றால் வாசலில் பதிலி நிற்பார். ரெயில்வேயில் "லீவ் ரிசர்வ்" என்று ஆள் வைத்திருப்பார்கள். கார்டுக்குக் காய்ச்சல் என்பதற்காக ரெயிலை நிறுத்த முடியுமா?

பதிலி என்றால் வெறும் தலைக்கணக்கு அல்ல. அவருக்கும் அந்த மெஷின் தெரிந்திருக்க வேண்டும். நூல் எங்கே அறும், எப்படி முடிய வேண்டும் என்று கை பழகி இருக்க வேண்டும். கால்பந்தில் பின்வரிசைக்கும் இதே கணக்குத்தான்.

ஜகார்தாவில் நடந்தது

1962-ம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியத் தலைநகர் ஜகார்தாவில் நடந்தது. இந்திய கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ்.ஏ.ரகீம். கேப்டன் சுனி கோஸ்வாமி. பெங்களூரில் இருந்து கல்கத்தா சென்று மோகன் பகானில் பெயர் வாங்கிய அருமைநாயகமும் அந்த அணியில் இடம் பெற்றிருந்தார்.

முதல் ஆட்டத்திலேயே அடி. தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. பின்வரிசையின் தூணாக நின்ற ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. ஆறு தையல்!

தூண் சாய்ந்தால் வீடு சாய வேண்டியதுதானே? சாயவில்லை. அடுத்து ஜப்பானுடன் ஆட்டம். ஜர்னைல் வெளியே இருந்தார். இந்தியா 2-0 என்று வென்றது. ஒரு கோல்கூட வாங்கவில்லை! காரணம், அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் என்று அந்த வரிசையில் ஆள் இருந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் ரகீம் யாரும் எதிர்பாராத காரியம் செய்தார். அரை இறுதி ஆட்டத்துக்கு ஜர்னைலைத் திரும்ப அழைத்தார். ஆனால் பின்வரிசைக்கு அல்ல. தலையில் கட்டுடன் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார்! தென்வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் போட்டார். இந்தியா 3-2 என்று வென்றது.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் மைதானம் நிறைந்த கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சல் போட்டது. 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல். கொரியர்கள் கடைசி நேரத்தில்தான் ஒன்றைத் திருப்ப முடிந்தது. 2-1. தங்கப்பதக்கம் இந்தியாவுக்கு!

அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். மதராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து, முதலில் முன்வரிசையில் ஆடிவிட்டு, பிறகு கோல் கீப்பர் ஆனவர். அதற்கு முந்திய ஆட்டங்களில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். கோல் காக்கவும் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜர்னைலின் கோலைப் பற்றி அறுபது ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அவரை முன்னால் அனுப்பும் தைரியம் ரகீமுக்கு எங்கிருந்து வந்தது? பின்னால் அருண் கோஷ் இருக்கிறார் என்ற தைரியம்தான்! அவர் இடத்தை நிரப்ப ஆள் இல்லாமல் போயிருந்தால், தையல் போட்ட தலையுடன் ஜர்னைல் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். அந்தக் கோலும் இருந்திராது.

இரண்டு, மூன்று, நான்கு

பழைய காலத்தில் பின்வரிசையில் இரண்டே பேர்தான். நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். 1925-ல் ஆப்சைடு சட்டம் மாறியது. பந்தை முன்னால் வாங்குகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிர்க்கட்சியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்று இருந்தது, இரண்டு பேர் போதும் என்று ஆயிற்று. கோல்கள் மழையாகக் கொட்டின. உடனே இங்கிலாந்தில் மூன்றாவது ஆளைப் பின்னால் இழுத்தார்கள். 1958-ல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் நான்கு பேரை நிறுத்தியது.

நம்மவர்கள் இந்தப் பாடத்தை அடி வாங்கித்தான் படித்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சுடன் மோதியது. பெங்களூர் தந்த ராமன்தான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர். 1-1 என்று சமநிலை. பெனால்டி கிக் இரண்டு வீணாயின. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் கோல் போட்டு 2-1 என்று வென்றுவிட்டார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறும் காலோடு ஆடியவர்கள்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நிலைமை இன்னும் மோசம். யூகோஸ்லாவியா 10 கோல் போட்டது! இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் அகமது கான். அவரும் பெங்களூர்க்காரர்தான். அதன் பிறகே பூட்ஸ் இல்லாமல் ஆடக் கூடாது என்ற கண்டிப்பு வந்தது.

ராமன், அகமது கான், தன்ராஜ், அருமைநாயகம் என்று பழைய ரசிகர்கள் சொல்லும் பெயர்களைப் பாருங்கள். எல்லோரும் முன்வரிசை! அந்த நாளில் பின்னால் நின்று பந்தை வெட்டியவர்களின் பெயரைக் கேட்டால் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டி இருக்கிறது.

இத்தனைக்கும் மைசூர் என்ற பெயருக்குக் கால்பந்தில் தனி மதிப்பு உண்டு. சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என்று நான்கு முறை வென்றிருக்கிறது. ஆடியவர்கள் பெரும்பாலும் பெங்களூர்க்காரர்கள் என்றாலும் கோப்பையில் பொறித்தது மைசூரின் பெயர். 1973-ல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியது. அடுத்த சந்தோஷ் கோப்பைக்கு 2023 மார்ச் வரை, அதாவது 54 ஆண்டுகள், காத்திருக்க வேண்டி வந்தது. ரியாத் நகரில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்றது.

சாம்பியனுக்கு வந்த சோதனை

பணம் கொழிக்கும் அணிகளுக்கு இந்தக் கவலை இருக்காது என்று நினைத்தால் தவறு. இங்கிலாந்தின் லிவர்பூல் அணி 30 ஆண்டுகள் காத்திருந்து 2020-ல் லீக் சாம்பியன் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் பின்வரிசைத் தூண் வான் டைக்குக்கு முழங்கால் போயிற்று. நவம்பரில் ஜோ கோமஸ் விழுந்தார். ஜனவரியில் மாட்டிப்பும் விழுந்தார். நடுப்பின்வரிசை ஆட்டக்காரர்கள் மூவரும் படுக்கையில்!

நடுவரிசையில் ஆடிய பபின்யோவையும் கேப்டன் ஹென்டர்சனையும் பின்னால் இழுத்தார்கள். பின்னால் இருந்த ஓட்டையை அடைத்தால் நடுவில் ஓட்டை விழுந்தது! சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோல்வி. அந்தக் கிளப்பின் சரித்திரத்திலேயே அப்படி நடந்தது இல்லை.

கடைசியில் கைகொடுத்தவர்கள் யார்? நேட் பிலிப்ஸ், ரைஸ் வில்லியம்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள். பிலிப்சை முந்திய ஆண்டு ஜெர்மனிக்கு இரவல் அனுப்பி இருந்தார்கள். வில்லியம்ஸ் அப்போது ஆறாம் தரப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த பையன். இவர்கள் இருவரும் பின்னால் நின்றார்கள். நடுவரிசைக்காரர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். லிவர்பூல் மூன்றாவது இடத்தைப் பிடித்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

நம் நாட்டுக்கும் இதே பாடம் 2024 ஜனவரியில் கிடைத்தது. ஆசியக் கோப்பைக்கு அன்வர் அலி காயத்தால் போக முடியவில்லை. சிரியாவுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் சந்தேஷ் ஜிங்கனும் காயம் பட்டு வெளியேறினார். அதன் பிறகு விழுந்த ஒரே கோலில் இந்தியா தோற்றது. மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூடப் போடவில்லை. முன்வரிசையின் குறையையும் மறைக்க முடியாதுதான். ஆனால் பின்னால் பலமாக ஆள் இருந்தால் ஒரு 0-0 ஆவது கிடைத்திருக்கலாம்.

பின்வரிசைக்கு மட்டும் என்ன தனிக் கஷ்டம்?

முன்வரிசை ஆட்டக்காரர் பத்து முறை தவறலாம். பதினோராவது முறை கோல் போட்டால் அவர் வீரர். பின்வரிசையில் இருப்பவர் பத்து முறை தடுத்து ஒருமுறை தவறினால் அவர்தான் குற்றவாளி!

அதுமட்டும் அல்ல. பின்வரிசையினர் நான்கு பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நகர வேண்டும். ஒருவர் முன்னால் வந்தால் மற்றவர்களும் வர வேண்டும். ஒருவர் மட்டும் ஓர் அடி பின்தங்கினால் ஆப்சைடு பொறி உடைந்துவிடும்; எதிரி நேராக கோல் கீப்பர் முன்னால் நிற்பான். ஆகவே பழகாத ஆளைத் திடீரென்று அங்கே நிறுத்துவது ஆபத்து. பெஞ்சில் இருப்பவரும் அந்த நால்வரோடு சேர்ந்தே பயிற்சி செய்திருக்க வேண்டும்.

காயம் ஒரு பக்கம். மஞ்சள் அட்டைகள் சேர்ந்தால் ஓர் ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். சிவப்பு அட்டை என்றால் அப்போதே வெளியே. பந்தை வெட்டுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உலகக் கோப்பையில் ஆள் மாற்றுவதற்கு 1970-ல்தான் அனுமதி வந்தது, அதுவும் இரண்டு பேர். இப்போது ஐந்து பேரை மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு ஆள் இருக்க வேண்டுமே!

அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்து வேறு வகை. கையால் பிடித்து மோதும் ஆட்டம். அங்கே தடுப்பு வரிசையில் நிற்கும் மூன்று நான்கு பேர் மலைபோன்றவர்கள். ஒவ்வொரு மோதலிலும் முழு பலத்தையும் காட்ட வேண்டும் என்பதால் அவர்களை ஆட்டம் முழுவதும் மாற்றி மாற்றி இறக்குவார்கள். பெஞ்சில் இருப்பவரும் அங்கே பாதி ஆட்டக்காரர்.

நம் டீம்களுக்கு என்ன வழி?

தொழிற்சாலை டீம், பேட்டை டீம், கல்லூரி டீம் எதுவானாலும் பதினைந்து பதினாறு பேர் தேறினால் பெரிது. அதிலும் ஒருவருக்கு நைட் ஷிப்டு, ஒருவருக்கு ஊரில் கல்யாணம். இந்த நிலையில் பின்வரிசைக்கு ஆறு பேர் எங்கே கிடைப்பார்கள்?

பணம் இல்லாமலே செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. முன்னால் ஆடும் பையன்களில் இரண்டு பேருக்காவது பின்னால் நிற்கவும் சொல்லிக் கொடுக்கலாம். வலது பக்கம் நிற்பவருக்கு இடது காலால் பந்தை அடிக்கப் பழக்கலாம். சினேகப் பந்தயங்களில் பெஞ்ச் ஆட்டக்காரரைப் பாதி ஆட்டமாவது இறக்கலாம். இறுதி ஆட்டத்தில்தான் அவர் முதல் தடவையாக மைதானத்தைப் பார்க்கிறார் என்றால் குற்றம் அவருடையது அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் கோல் போட்டவனுக்குக் கை கொடுக்கும்போது, ஆடாமல் உட்கார்ந்திருந்த பையனையும் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். தன்னை யாரும் மதிக்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வர மாட்டான். அவன் தேவைப்படுகிற ஞாயிற்றுக்கிழமை அதுவாகவே இருக்கும்!

"நீ போய் பேக்கில் நில்லுடா" என்று தண்டனைபோல் சொல்லும் வழக்கம் போக வேண்டும். ஜகார்தாவில் ஜர்னைல் சிங் முன்னால் ஓடியபோது பின்னால் நின்றவர்களுக்கும் அதே தங்கப்பதக்கம்தான் கழுத்தில் விழுந்தது.