பஞ்ச காலத்துச் சிக்கனம்

வரவு குறைந்தால் செலவைச் சுருக்குதல் குடும்பத்திற்கு நெறி. அரசாங்கத்திற்கும் அஃது அப்படியே பொருந்துமா? மழை பொய்த்து நிலவரி குன்றும் ஆண்டில்தானே மக்கள் அதன் உதவியை நாடி வருகின்றனர்!

1873-74இல் பீகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் தோன்றியது. நிவாரணத்தை நடத்திய ரிச்சர்டு டெம்பிள், பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி தருவித்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவே. ஆயினும் வீண்செலவு செய்தார் என்ற பழி அவருக்கு வந்தது.

1877இல் சென்னை மாகாணத்திலும் கொடும் பஞ்சம். அங்கு அனுப்பப்பெற்ற அதே டெம்பிள், இம்முறை சிக்கனத்தைக் கைக்கொண்டார். மண் சுமந்த ஆடவனுக்கு நாட்கூலி, ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவுமே. ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். உழைக்கும் உடலுக்கு இது போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில திங்களில் கூலி உயர்ந்தது. ஆனால் மெலிந்த உடல்களை நோய் பற்றிவிட்டது. தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மாண்டனர்.

அதன்பின், 1880இல் வெளிவந்த பஞ்சக் குழுவின் அறிக்கையைத் தழுவி, 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு உருவாயிற்று. நிவாரண வேலையை எப்பொழுது தொடங்குவது, எவருக்கு எவ்வளவு கூலி, உழைக்க இயலாதோர்க்கு என்ன உதவி என்பனவெல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன.

சிக்கனம் வேண்டுவதே, அதற்குரிய பருவம் விளைச்சல் காலம். பசித்தவன் கூலியில் மிச்சம் பிடிப்பது சேமிப்பாகாது. நாளை நீங்களும் அலுவலகங்களில் கணக்கெழுதக்கூடும். செலவுப் பத்தியில் ஓர் எண்ணைக் குறைக்குமுன், அஃது எவருடைய சோறு என்று எண்ணிப் பாருங்கள்.